லாவெண்டர்னு சொல்லாத மக்ளே, கத்திரிப்பூ கலர்னு சொல்லு

மார்த்தாண்டம் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. பெங்களூர்ல வேலை, ஏப்ரல் கடைசி வாரம் கல்யாணம், காலைல ஊரு சிஎஸ்ஐ சர்ச்சுல தாலிகட்டு, சாயங்காலம் முட்டம் பக்கம் கடலப் பாத்த மாதிரி ஒரு புல்தரைல ரிசப்ஷன், 600 பேரு வருவாங்களாம். அவ எழுதுனத சுருக்கிச் சொல்லுதேன்: "அக்கா, எனக்கு ஸ்பிரிங் வெட்டிங் மாதிரி எல்லாமே லாவெண்டர் கலர்ல வேணும்னு ரொம்ப நாள் ஆசை. நெஜ லாவெண்டர் பூ வரவழைக்க முடியுமா? டெக்கரேஷன்காரர் பிளாஸ்டிக் பூ பேக்கேஜ் சொல்றாரு. அம்மா இது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து லெந்து கலர்ங்கறாங்க, பாட்டி துட்டி வீட்டுக்கு, அதான் சாவு வீட்டுக்குப் போற கலர்ங்கறாங்க. மேக்கப் பண்ற அக்கா, நீ கறுப்பு, லாவெண்டர் எடுக்காது, வேணும்னா ரெண்டு ஷேடு வெளுக்க வைக்கலாம்ங்கறாங்க. நான் ஆசைப்பட்டது தப்பா அக்கா?"

தப்பே இல்ல மக்ளே. நாகர்கோவில்ல 18 வருஷமா மேடை கட்டுற வேலைல நிக்கிறேன், கேக்குற கலர்லயே ரொம்ப அழகா வரக்கூடியதும் இதுதான், ரொம்ப சீக்கிரம் சொதப்பக்கூடியதும் இதுதான். சிவப்பு எங்க வச்சாலும் சிவப்பாத்தான் தெரியும், மஞ்சளும் அப்படித்தான், லாவெண்டர் அப்படி இல்ல, பக்கத்துல என்ன இருக்கு, மேல என்ன லைட் விழுது, என்ன நேரம்னு பாத்து பாத்து மாறும். அதனால நீ கேட்டத ஒவ்வொண்ணா சொல்லுதேன், கொஞ்சம் நீளமாப் போவும், பொறுத்துக்க.

மொதல்ல பாட்டி. நீ வீட்ல "லாவெண்டர் லாவெண்டர்"னு சொல்லிட்டே இருந்திருப்ப, அவங்களுக்கு அது ஏதோ வெளிநாட்டு சோப்பு பேரு மாதிரிதான் கேட்டிருக்கும், போன்ல ஒரு படத்தக் காட்டியிருப்ப, அந்தப் படத்துல சாம்பல் கலந்த ஊதா வாடிப்போன மாதிரி தெரிஞ்சிருக்கும், துட்டி வீடுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுப் பொறத்தால கத்திரிச் செடி நிக்கும்லா, காலைல ஒரு ஏழு மணிக்கு பாட்டியக் கூட்டிட்டு அதுகிட்ட போ. குனிஞ்சு நிக்கிற ஒரு பூவ லேசா நிமித்திப் பாரு. இதழு ஓரத்துல வெளுத்த ஊதா, நடு நரம்புல கொஞ்சம் அழுத்தமான ஊதா, உள்ள அஞ்சு மஞ்சக் கேசரம், காம்புல சின்ன முள்ளு. நீ கேக்குற பேலட்டு மொத்தமும் அந்த ஒரு பூவுல இருக்கு, எந்த ஷேடு பக்கத்துல எந்த ஷேடு வரணும்னு கூட அதுலயே இருக்கு. பொடவைக் கடைல நம்ம அம்மாமாரு "கத்திரிப்பூ கலர்ல எடுங்க"ன்னு கேட்டு வாங்குனது இந்தக் கலர்தான். ஒங்க பாட்டிகிட்டயும் பழைய பெட்டில ஒரு கத்திரிப்பூ கலர் பொடவை கெடக்கும்னு எனக்கு நல்ல நம்பிக்கை, கேட்டுப் பாரு.

அம்மா சொல்றதுல நியாயம் உண்டு, அத தள்ளிப் பேசாத. லெந்து நாள்லயும் கிறிஸ்மஸ்க்கு முந்தின அட்வெந்து வாரங்கள்லயும் ஆல்டர்ல போடுற துணி ஊதாதான், மனந்திரும்புதலுக்கான கலர்னு சின்ன வயசுலருந்து பாத்து வளந்தவங்களுக்கு அந்த எண்ணம் வராம எப்படி இருக்கும். ஆனா ஒன் கல்யாணம் ஏப்ரல் கடைசி, ஈஸ்டர் முடிஞ்சாச்சு, அந்த வாரங்கள்ல ஆல்டர்ல வெள்ளை கெடக்கும். அதனால நான் சொல்லுறது என்னன்னா, சர்ச்சுக்குள்ள லாவெண்டர கொண்டு போகாத. உள்ள முழுக்க வெள்ளையும் பச்சையும், ஒன் வெள்ளைப் பொடவை, பெஞ்சு ஓரத்துல சின்னச் சின்னதா சம்பங்கி கட்டு, போதும். ஒங்கையில இருக்குற பொக்கேல மட்டும் ஊதா கொஞ்சம் எட்டிப் பாக்கட்டும். அம்மாவுக்கும் மனசு நிறையும், சாயங்காலம் ஜனங்க ரிசப்ஷனுக்கு வரும்போது அந்தக் கலர் புதுசாவும் இருக்கும், காலைலருந்து பாத்துச் சலிச்ச கலரா இருக்காது. ஆணி, டேப்பு, பூத்தொட்டி எங்க வைக்கலாம்னு ஆயர்கிட்டயும் சபைக் கமிட்டிலயும் முன்னாடியே கேட்டுரு, பல சர்ச்சுல ஆல்டர் படிக்கு மேல டெக்கரேஷன் ஏற விடமாட்டாங்க.

இனி பூவு. நெஜ லாவெண்டர் வேண்டாம் மக்ளே. அது காஞ்ச காத்துலயும் குளுருலயும் வளர்ற செடி, நம்ம நாட்டுல பெருசா வெளையுறது ஜம்முல பதர்வா பக்கம், அங்க பூக்குறதே ஜூன் ஜூலைல, ஒன் கல்யாணம் ஏப்ரல்ல. ஆகவே கெடைச்சாலும் காஞ்ச கட்டுதான் கெடைக்கும், அந்தக் காஞ்ச பூவ நம்ம கடக்கரைக் காத்துல ரெண்டு மணிக்கூர் வச்சா ஈரத்த இழுத்துத் தலையத் தொங்கப் போட்டுரும், தொட்டா உதுரும். மணம் வேணும்னு ஆசைன்னா வர்றவங்களுக்குக் குடுக்குற சின்னப் பைல கொஞ்சம் காஞ்ச லாவெண்டர் போட்டுக் குடு, அந்தளவுக்கு நல்லது. படங்கள்ல கொத்துக் கொத்தா இருக்குமே ஹைட்ரேஞ்சியா, அதையும் மறந்துரு, தண்ணிய விட்டு எடுத்தா நம்ம வெயில்ல கண்ணு முன்னாடியே சுருங்கிடும்.

நம்ம ஊர்லயே இந்தக் கலர் இல்லியான்னு கேட்டா இருக்கு, ஆனா மேடைக்கு வராது. டிசம்பர் பூ அச்சு அசல் லாவெண்டர், ஆனா பேருலயே மாசம் இருக்கு. பூமருது ஒன் கல்யாண சமயத்துல ரோட்டோரத்துல மரம் முழுக்க கத்திரிப்பூ கலரா நிக்கும், கொப்ப ஒடிச்சா கொஞ்ச நேரத்துல கசங்கின டிஷ்யூ பேப்பர் மாதிரி ஆயிடும். கடக்கரை மணல்ல படந்து கெடக்குற அடம்பங்கொடி காலைல விரிஞ்சு வெயில் ஏறுனா சுருண்டுரும். இதெல்லாம் மரத்துலயும் மணல்லயும் இருந்தாத்தான் அழகு, போட்டோ எடுக்கணும்னா நீங்க ரெண்டு பேரும் அதுகிட்ட போங்க. ஒரு நல்ல பூமருது எங்க நிக்குதுன்னு இப்பவே பாத்து வச்சா கல்யாணத்துக்கு முந்தின வாரம் காலைல ஒரு போட்டோ எடுத்துரலாம், எந்த செட்டிங்கும் அதுக்கு ஈடாவாது.

மேடைக்கு என்ன வாங்கலாம்னா, பெங்களூர்லருந்து மூணு வகை போதும். ஸ்டேட்டிஸ், பேப்பர் மாதிரி மொறமொறன்னு இருக்கும், தண்ணி இல்லாமலும் வாடாது, கலரும் நெஜ லாவெண்டர்தான். லிசியாந்தஸ், ரோஜா மாதிரி மெதுவான இதழு, விலை கூடுதல், அதனால பொக்கேக்கும் நீங்க ஒக்காருற எடத்துக்குப் பக்கத்துலயும் மட்டும். அப்புறம் டென்ட்ரோபியம் ஆர்க்கிட், வெள்ளையும் ஊதாவும், நம்ம புழுக்கத்த இது நல்லா தாங்கும். நீ அங்கதான இருக்க, ஒரு நாள் விடியக்காலை கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் ஆஸ்டர் எந்த ஷேடுல வருதுன்னும் ஒரு நோட்டம் பாத்துட்டு வா. பூவ ராத்திரி பஸ்ல போட்டு விட்டா மட்டும் பத்தாது, ஐஸ் ஜெல் வச்ச தெர்மாகோல் பெட்டில வரணும், வந்ததும் காம்ப சாய்ச்சு வெட்டித் தண்ணில நாலு மணிக்கூர் நிறுத்தணும், இத செய்ற ஆளு யாருன்னு ஒன் டெக்கரேஷன்காரர்கிட்ட கேளு, அந்த பதில்லயே அவரு பூ வேலை தெரிஞ்சவரா துணி மட்டும் கட்டுறவரான்னு தெரிஞ்சுரும்.

மத்தது எல்லாம் நம்ம தோவாளைப் பூச்சந்தை. லாவெண்டருக்குப் பக்கத்துல வெள்ளை எவ்வளவு கூடுதோ அவ்வளவு அது தெளியும், வெள்ளைப் பூவுக்கு நம்ம மாவட்டத்துக்காரங்க வேற எங்கயும் அலைய வேண்டாம். சம்பங்கி கிலோக் கணக்குல, மல்லிக்கு ஏப்ரல் மே நல்ல வரத்து உள்ள சீசன், ஆனா முகூர்த்த நாள்ல விலை எப்படித் துள்ளும்னு ஒனக்கே தெரியும், அதனால முந்தின வாரமே ஒரு வியாபாரிகிட்ட சொல்லி வச்சுரு. அழுத்தமான ஊதாவுக்கு வாடாமல்லி, பேருக்கேத்த மாதிரி வாடவே வாடாது, ஆனா அது கொஞ்சம் ரோஸ் அடிக்குற ஊதா, அதனால பொட்டு வச்ச மாதிரி அங்கங்க போதும், மாலையாத் தொங்கவிட்டா லாவெண்டர அமுக்கிரும்.

மாப்பிள்ளை பொண்ணு மாலைக்கு நான் ஒண்ணு ஆசையாச் சொல்லுவேன், தோவாளை மாணிக்க மாலை. வெள்ளை அரளி, செவ்வரளி, நொச்சி இலை, இத மடிச்சு மடிச்சு பாய் நெய்யுற மாதிரி பட்டையாக் கட்டுவாங்க, தூரத்துல பாத்தா கல்லு பதிச்ச மாதிரியே இருக்கும், 2025ல புவிசார் குறியீடு கெடைச்சது. செவப்பு லாவெண்டர்கூட சேராதேன்னு நெனைப்ப, கட்டுறவங்ககிட்ட ஒக்காந்து பேசி செவப்பக் கொறச்சு வெள்ளையும் நொச்சிப் பச்சையும் கூட்டிக் கட்டச் சொல்லிக் கேளு. ஒரே ஒரு எச்சரிக்கை, அரளி விஷம், இலை பூ காம்பு எல்லாமே விஷம். அரளிய கேக்கு மேலயோ சாப்பாட்டு மேசைலயோ ஜூஸ் கிளாஸ் பக்கத்துலயோ வைக்கக் கூடாது, சின்னப் புள்ளைங்க கைக்கு எட்டுற எடத்துலயும் வேண்டாம். கேக்குல பூ வேணும்னா மருந்தடிக்காத சங்குப்பூ வீட்டுல பறிச்சு வச்சுக்க.

இனி நான் சொல்லப் போறது எந்தப் பேக்கேஜுலயும் இருக்காது. வாசல்ல குலைவாழை கட்டுவோம்லா, கட்டும்போது பல எடத்துல பூவ ஒடிச்சுட்டுதான் கட்டுவாங்க, இந்த ஒரு தடவை பூவோட வெட்டித் தரச் சொல்லு. ரெண்டு பக்கமும் நல்ல தடிச்ச வாழை, தொங்குற பெரிய வாழைப்பூ, அந்த மடலோட வெளிப்பக்கம் பாத்திருக்கியா, மேல லேசா மாவு பூசுன மாதிரி ஒரு ஊதா, உள்பக்கம் ரத்தச் செவப்பு. ஒன் லாவெண்டருக்கு அழுத்தம் குடுக்குற டார்க் ஷேடு அதுதான். அதுக்கு மேல குருத்தோலைத் தோரணம். குருத்தோலையோட எளமஞ்சள் இருக்கே, வெண்ணெய் கலர், லாவெண்டர்கூட அதமாதிரி சேர்ற கலர் வேற கெடையாது, கத்திரிப்பூவுக்குள்ள மஞ்சக் கேசரம்னு சொன்னேம்லா, அதே கணக்கு. குருத்து ஞாயிறுக்கு சிலுவையும் கிளியும் பின்னுற கை நம்ம ஒவ்வொரு ஊர்லயும் இருக்கு, அவங்கள கூட்டிட்டு வந்து மேடைக்குப் பின்னால முழுக்க குருத்தோலைல பின்னச் சொல்லி அதுல அங்கங்க ஸ்டேட்டிஸும் வெள்ளை ஆர்க்கிட்டும் சொருகு. அன்னைக்கு மத்தியானம் தொடங்கி பின்னணும், முந்தின நாளே பின்னி வச்சா வெயில்ல ஓரம் காஞ்சு சுருளும்.

பிளாஸ்டிக் பூ பத்தி ஒரு வார்த்தை. நான் தீண்டவே மாட்டேன்னு இல்ல, ஒசரத்துல, கண்ணுக்குக் கிட்ட வராத எடத்துல வச்சா ஒண்ணும் தெரியாது, பட்ஜெட்டும் மிஞ்சும். ஆனா லாவெண்டர் கலர் பிளாஸ்டிக் பூ வெயில்ல அடிபட்டு அடிபட்டு பத்து கல்யாணம் பாத்ததா இருந்தா சாம்பல் ஏறியிருக்கும், போட்டோவுல அத அனுப்ப மாட்டாங்க. குடோனுக்கு நேர்ல போய் பகல்ல பாரு. பலூன் ஆர்ச்சும் வேண்டாம், வெயில்ல கொஞ்ச நேரத்துல பளபளப்பு போய் மாவு படிஞ்ச மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வெடிக்கும்.

இப்ப முக்கியமான வெஷயத்துக்கு வாறேன், லைட்டு. நான் இந்தத் தொழிலுக்கு வந்த மூணாவது வருஷம், ஒரு பொண்ணு இதே மாதிரி ஆசைப்பட்டு லாவெண்டர் கேட்டா. நான் கடைல டியூப்லைட்டு வெளிச்சத்துல துணி பாத்து 80 மீட்டர் வாங்கிட்டு வந்து பகல்ல கட்டும்போது அவ்ளோ அழகா இருந்துச்சு, அவங்க அம்மா கையப் பிடிச்சு நல்லாருக்குன்னு சொன்னாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மண்டபத்துல மஞ்ச லைட்டு எல்லாத்தையும் போட்டாங்க. துணி மொத்தமும் தொவச்சுத் தொவச்சு வெளுத்த சாம்பல் வேட்டி மாதிரி ஆயிருச்சு. பொண்ணு மேடை ஏறி நின்னு சுத்திப் பாத்தா, ஒண்ணும் சொல்லல, கண்ணு நெறஞ்சுது, மேக்கப் கலையக் கூடாதுன்னு மேல பாத்து நின்னா. இன்னைக்கும் எனக்கு அந்த மொகம் நல்லா ஞாபகம் இருக்கு. தப்பு என்னோடது. மஞ்ச வெளிச்சத்துல நீலம் ரொம்பக் கம்மி, லாவெண்டருக்கு உயிரே அதுல இருக்குற நீலம்தான், நீலம் இல்லாத வெளிச்சம் விழுந்தா அது சாம்பலாத்தான் தெரியும். அதே துணிய நீல எல்இடிக்குக் கீழ வச்சா வெறும் நீலமாப் போவும். அன்னைலருந்து துணிய அந்த எடத்துல அந்த நேரத்துல பாக்காம நான் ஒரு மீட்டர் கூட வாங்குறதில்ல.

நீயும் அதத்தான் செய்யணும். மூணு ஷேடுல அரை அரை மீட்டர் துணி வாங்கு, ஒண்ணு நீலம் சாய்ஞ்ச லாவெண்டர், ஒண்ணு ரோஸ் சாய்ஞ்சது, ஒண்ணு அழுத்தமான கத்திரிப்பூ, கூட ஒரு முழம் வெண்ணெய்க் கலர் துணி. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த லானுக்குப் போய் மேடை வரப்போற எடத்துல ஒரு கயித்தக் கட்டி நாலையும் தொங்கவிடு. அந்த நாள்கள்ல சூரியன் ஆறரை சுமாருக்கு மறையும், கடல்ல எறங்கும்போது வர்ற தேன் கலர் வெளிச்சத்துல எது எப்படித் தெரியுதுன்னு பாரு, ஒரு போட்டோ எடு, சூரியன் மறஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணு எடு, அப்புறம் அவங்க லைட்ட போடச் சொல்லி ஒண்ணு எடு. மூணு லாவெண்டர் ஷேடுல எது மூணு போட்டோவுலயும் தன் கலர விடாம நிக்குதோ அத மேடைக்கு எடுத்துக்க. பெரும்பாலும் அது ரோஸ் சாய்ஞ்சதாத்தான் இருக்கும், நான் இப்பவே சொல்லி வைக்கிறேன். சாட்டின் வேண்டாம், லைட்டு பட்டு எல்லா மடிப்பும் வெள்ளையாப் பளிச்சுடும், மங்கலான துணியா எடு.

லைட்டுக்காரர் ஊதா பார் லைட் போட்டா எல்லாமே லாவெண்டர் ஆயிரும்னு சொல்லுவாரு, விட்டுறாத. ஊதா வெளிச்சம் பின்னாடி சொவத்துக்கும் மரத்துக்கும் மட்டும், ஒங்க ரெண்டு பேரு மொகத்துலயும் ஒரு துளி விழக் கூடாது, விழுந்தா காய்ச்சல்ல கெடந்து எழும்புனவங்க மாதிரி இருப்பீங்க, அந்த ஆல்பத்த எந்த எடிட்டிங்கும் சரி பண்ணாது. மொகத்துக்கு சுத்தமான வெள்ளை, ரொம்ப நீலமும் வேண்டாம் ரொம்ப மஞ்சளும் வேண்டாம், 4000 கெல்வின்னு சொன்னா லைட்டுக்காரருக்கு வெளங்கும். போட்டோகிராஃபரையும் இவரையும் ஒரு நாள் ஒரே எடத்துல நிக்க வச்சுப் பேச வையி, இவங்க ரெண்டு பேரும் கல்யாணத்தன்னைக்குத்தான் மொதல்ல பாக்குறாங்க, அங்கதான் பாதி கல்யாணத்துல கலர் போவுது.

அடுத்தது ஒன் ஸ்பிரிங்கு. நம்ம கணக்குல சித்திரையும் வைகாசியும் எளவேனில்தான், பேரு சரியாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊரு எளவேனில்னா மத்தியானம் வேர்த்து ஊத்தும், மூணு மணிக்கு மேல மலைப்பக்கம் கருத்துட்டு வந்து இடியோட ஒரு கோடை மழை கொட்டும். மார்த்தாண்டம் குலசேகரம் பக்கம் பெய்யுற அளவுக்குக் கடக்கரைல பெய்யாது, இருந்தாலும் நம்பி எறங்காத. நீ நாலு மணி ரிசப்ஷன்னு போட்டிருக்க, அத அஞ்சரைக்குத் தள்ளு. நாலு மணி வெயில்ல லாவெண்டர் வெளிறிப் போயிடும், கடக்காத்தும் அந்த நேரத்துல நல்லா வீசும், வயசானவங்க ஒக்கார முடியாது. மேடைக்கும் சாப்பாட்டுக்கும் மேல நனையாத பந்தல் கட்டாயம், ஓலைப் பந்தலுக்கு உள்ள தார்ப்பா போட்டு அதுக்குக் கீழ துணி கட்டுனா வெளியத் தெரியாது. தொங்கவிடுற துணிக்கெல்லாம் அடி ஓரத்துல மணல் பொதி தைக்கச் சொல்லு, காத்துல பறந்து ஒன் மொகத்துல அடிக்காம இருக்கும். மெழுகுவர்த்தின்னா கண்ணாடிக் கூண்டுக்குள்ள.

கடல் பத்தி இத நான் எழுதாம விட முடியாது. ஏப்ரல் மே மாசம் காத்தே இல்லாம தெளிஞ்ச வானத்துலயும் திடீர்னு அலை பொங்கி வரும், கள்ளக்கடல்னு மீனவங்க சொல்லுறது. 2024 மே மாசம் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவங்க அஞ்சு பேரு லெமூர் பீச்சுல அலை இழுத்துப் போய் செத்துட்டாங்க. ஒங்கூட வேலை பாக்குற புள்ளைங்க பெங்களூர்லருந்து வரும், கடலப் பாத்தா எறங்கத் தோணும். இன்விடேஷனோட அனுப்புற மெசேஜ்லயே கடல்ல எறங்க வேண்டாம்னு தெளிவா எழுதிரு, லானுக்கும் மணலுக்கும் நடுவுல ரெண்டு ஊரு ஆளுங்கள நிக்க வையி, கடல் எப்படி இருக்குன்னு அந்த ஊரு மீனவர்கிட்ட அன்னைக்குக் காலைல கேளு. போட்டோகிராஃபர் பாறை மேல ஏறி நில்லுன்னு சொன்னாலும் கேக்காத.

இனி ஒன் நிறம். மேக்கப் அக்கா சொன்னத மனசுலருந்து எடுத்து வெளியப் போடு மக்ளே. நம்ம மண்ணு நிறத்துக்கு லாவெண்டர் எடுக்காதுன்னு சொல்லுறது சுத்தப் பொய், எடுக்காதது வெளுத்த நீலம் சாய்ஞ்ச லாவெண்டர், அது வெள்ளைக்காரப் பொண்ணுங்க படத்தப் பாத்து நெய்யுறது. ஒனக்கு ரோஸ் சாய்ஞ்ச கத்திரிப்பூ, ஒரு ஷேடு அழுத்தமா, ஓரத்துல பழுத்த தங்க ஜரிகை. ஜாக்கெட்டு இன்னும் அழுத்தமா வாழைப்பூ மடல் கலர்ல. கறுப்புப் பொண்ணு மேல அந்தப் பொடவை கெடந்தா கண்ணு எடுக்கத் தோணாது, நான் எத்தனை பேரு பாத்திருக்கேன். மொகத்த ரெண்டு ஷேடு வெளுக்க வச்சா நடக்குறது என்னன்னா, வெளுத்த பவுடர் மேல லாவெண்டர் நெழலடிச்சு மொகம் சாம்பல் பூத்து நிக்கும், கழுத்தும் கையும் வேற நிறத்துல. ஒன் நிறத்துக்கே பவுண்டேஷன் கலக்கத் தெரிஞ்ச ஆளப் பாரு, அட்வான்ஸ் குடுத்திருந்தாலும் சரி, டிரயல் ஒண்ணு கேட்டு வெயில்ல நின்னு பாத்துட்டு முடிவு பண்ணு.

நகைக்கு, வடசேரில செய்ற கோயில் நகை வீட்ல இருந்தா ஒண்ணே ஒண்ணு போட்டுக்க. செவப்புக் கெம்புக் கல்லு லாவெண்டர் மேல நல்லாத் தூக்கிக் காட்டும், ஆனா மாலை, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி எல்லாத்தையும் கெம்புல போட்டா நகைதான் நடந்து வரும், நீ தெரிய மாட்ட. ஒங்கூட நிக்கிற தோழிமாருக்கு லாவெண்டர் கவுன் வேண்டாம், வெண்ணெய்க் கலர் கசவுப் பொடவை, ஓரத்துல தங்கத்துக்குப் பதிலா கத்திரிப்பூக் கரை, எல்லாரும் அப்புறமும் எடுத்து உடுப்பாங்க. பொண்ணு மட்டும்தான் முழு லாவெண்டர், சொந்தக்காரங்க யாரையும் கலர் சொல்லிக் கட்டாயப்படுத்தாத, 600 பேரு ஒரே ஊதால வந்து நின்னா ஒன்ன யாருன்னு தேடணும்.

சாப்பாட்டுல கலர் கலக்காத. பால் பாயசத்துல ஊதா எசன்ஸ் விடலாமான்னு கேட்டிருக்க, எனக்கு வாசிச்சதும் நெஞ்சே பதறிருச்சு. போளி மேல வெள்ளையா பால் பாயசம் ஊத்திச் சாப்புடுற ஊரு இது, பெரியவங்க எலைல ஊதாவா எதாவது விழுந்தா கைய எடுத்துருவாங்க. ஒனக்கு ஆசைக்கு நான் ஒண்ணு சொல்லுதேன். ஏப்ரல்ல நொங்கு நல்லாக் கெடைக்கும். காஞ்ச சங்குப்பூவ வெந்நீர்ல போட்டா கடும் நீலமா எறங்கும், ஆறவச்சுக் கண்ணாடி ஜாடில வையி. கிளாஸுல நொங்கு சொளைய நறுக்கிப் போட்டு கருப்பட்டி வேண்டாம், வெள்ளைச் சீனிப்பாகு கொஞ்சம், மேல நீலத் தண்ணி, வந்தவங்க கைல குடுக்கும்போது அவங்க கண்ணு முன்னாடி எலுமிச்சம்பழம் அரை மூடி பிழியணும். நீலம் அப்படியே கீழருந்து சுழண்டு ஊதாவா மாறும், எலுமிச்சைப் புளிப்பு பட்டா சங்குப்பூவோட சாயம் அப்படித்தான் திரியும். சின்னப் புள்ளைங்க ரெண்டாவது தடவை வரிசைல வந்து நிக்கும், பாத்துக்க. கருப்பட்டி போட்டா மட்டும் கலங்கித் தவிட்டுக் கலர் ஆயிரும், அதனாலதான் வேண்டாம்னு சொன்னேன்.

காசு பத்தாம வந்தா எதக் கொறைக்கன்னு கேட்டா, பெங்களூர்ப் பூவக் கொற, மேசைப் பூவக் கொற, என்ட்ரில வைக்கிற போர்டக் கொற. பந்தலையும் லைட்டையும் கொறைக்காத.

இப்ப நீ செய்ய வேண்டியது, பாட்டி பெட்டியத் தொறந்து அந்தப் பொடவைய எடு, கெடைச்சா அதையே பொடவைக் கடைக்கும் துணிக் கடைக்கும் கொண்டு போய் இந்தக் கலர்தான்னு சொல்லு, போன்ல உள்ள படத்தக் காட்டாத. பாட்டியையும் கூட்டிட்டுப் போ. லானுல கயிறு கட்டி எடுத்த மூணு போட்டோ, மேடையோட நீளம் ஒசரம், அங்க ஜெனரேட்டர் எத்தன கேவிஏன்னு, இந்த மூணும் எனக்கு எழுதி அனுப்பு. எத்தன மீட்டர் துணி, எத்தன லைட்டுன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லுதேன்.